பொறியியல் கலந்தாய்வு: காலேஜ் பட்டியல் போடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே பிறந்துவிட்டால் எங்கள் பிரவுசிங் சென்டரில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் பெற்றோரும் வரிசையில் நிற்பார்கள். தமிழ்நாடு பொறியியல் மாணவர் சேர்க்கை, அதாவது டி.என்.இ.ஏ. கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட்டுச் சான்றிதழ் ஏற்றுவது அரைமணி நேர வேலை. ஜூலையில் சாய்ஸ் நிரப்ப வரும்போதுதான் சிக்கல். எந்தக் கல்லூரியை எழுதுவது, எதை விடுவது, எதை மேலே வைப்பது என்று ஒரே சந்தேகங்கள்தான் ஒவ்வொரு ஆண்டும் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். தேதிகளும் கட்டணமும் ஆண்டுதோறும் மாறும்; அவற்றைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் டி.என்.இ.ஏ. தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அண்ணா, சாய்ஸ் ஃபில்லிங்னா என்ன? எத்தனை காலேஜ் போடணும்?"

ரேங்க் பட்டியல் வந்ததும் கலந்தாய்வைச் சுற்றுச் சுற்றாக நடத்துவார்கள். உங்கள் ரேங்க் எந்தச் சுற்றில் வருகிறதோ, அந்தச் சுற்றில் சில நாள் அவகாசம் கொடுத்து, வேண்டிய இடங்களை வரிசைப்படுத்தச் சொல்வார்கள். ஒரு கல்லூரியும் அதில் ஒரு பாடப்பிரிவும் சேர்ந்ததுதான் ஒரு சாய்ஸ். கோவை பி.எஸ்.ஜி. டெக்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒரு சாய்ஸ், அதே கல்லூரியில் ஈ.சி.ஈ. (எலக்ட்ரானிக்ஸ்) இன்னொரு சாய்ஸ். எத்தனை வேண்டுமானாலும் போடலாம், உச்சவரம்பு கிடையாது.

எத்தனை போடணும் என்பது ரேங்க்கைப் பொறுத்தது. முதல் ஆயிரத்துக்குள் இருப்பவருக்கு இருபது போதும். நடு ரேங்க்கில் இருப்பவர் அறுபது, எண்பது போட்டாலும் தப்பில்லை. ஆனால் அந்த எண்பதும் "கிடைத்தால் சேருவேன்" என்று சொல்லக்கூடியவையாக இருக்க வேண்டும். சும்மா எண்ணிக்கைக்காக இருநூறு போட்டுக்கொண்டு வருபவர்களிடம் நூற்றெண்பதாவது வரியில் விரல் வைத்து "இது எந்த ஊர்?" என்று கேட்டால் தெரியாது.

"கட்ஆஃப் 178 வந்திருக்கு. எந்தக் காலேஜ் கிடைக்கும்?"

கணக்கு நூற்றுக்கு, இயற்பியல் ஐம்பதுக்கு, வேதியியல் ஐம்பதுக்கு, மொத்தம் 200. கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 எடுத்தவருக்கு 92 + 42 + 44 = 178. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பட்டியலைப் போட 178 என்ற எண் உதவாது, ரேங்க்தான் உதவும்.

2024-ல் பொதுக் கலந்தாய்வின் முதல் சுற்று 179 கட்ஆஃபோடு முடிந்தது. அந்த மதிப்பெண்ணில் ரேங்க் ஏறக்குறைய 26,600. 2025-லும் முதல் சுற்று 179-ல்தான் முடிந்தது. ஆனால் அங்கே ரேங்க் 39,000-ஐத் தாண்டிவிட்டது. மதிப்பெண் அதேதான், முன்னால் நிற்பவர்கள் பன்னிரண்டாயிரம் பேர் கூடிவிட்டார்கள். வினாத்தாள் சுலபமாக வந்த ஆண்டில் போன வருஷக் கட்ஆஃபை நம்பிப் பட்டியல் போட்டவர்கள் திகைத்துப் போவது இதனால்தான். ஆகவே "போன வருஷம் இந்தக் காலேஜ் எத்தனையில் முடிந்தது?" என்று கேட்காதீர்கள். "எத்தனாவது ரேங்க்கில் முடிந்தது?" என்று பாருங்கள். இனி இந்தப் பக்கத்தில் நான் கணக்குச் சொல்வதெல்லாம் ரேங்க்கை வைத்துத்தான்.

"ரெண்டு ரேங்க் போட்டிருக்காங்களே, எதைப் பார்க்கிறது?"

ஒன்று பொது ரேங்க், இன்னொன்று உங்கள் சமூகப் பிரிவுக்குள் உள்ள ரேங்க். இடங்களில் 31 சதவீதம் பொதுப்போட்டிக்கு; மீதி 69 சதவீதத்தில் பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 18 (அதற்குள் அருந்ததியர் 3), எஸ்.டி. 1. பொதுப்போட்டி எல்லோருக்கும் பொது. கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் முதலில் பொது இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் உங்கள் பிரிவு இடத்தைப் பார்க்கும். அதுவும் இல்லையென்றால்தான் அடுத்த வரிக்குப் போகும். எனவே பழைய பட்டியலில் உங்கள் பிரிவுக்கு அந்த இடம் எங்கே முடிந்தது என்பதைப் பாருங்கள். ஓ.சி. (பொதுப்போட்டி) நிரலைப் பார்த்து "நமக்கு எட்டாது" என்று நல்ல கல்லூரியை அடித்துவிட்டு வரும் பிள்ளைகள் நிறையப் பேர்.

"நானூறு காலேஜுக்கு மேல இருக்கு. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?"

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செல்போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் பட்டியல் போடும் நாளில் ஒன்றும் கிடைக்காது. என் கணக்கு இது: உங்கள் ரேங்க்கில் பாதியிலிருந்து இரண்டு மடங்குவரை. ரேங்க் 30,000 என்றால், போன ஆண்டு 15,000-க்கும் 60,000-க்கும் இடையில் முடிந்த இடங்களையெல்லாம் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். சமூகப் பிரிவு ரேங்க்குக்கும் இதே மாதிரி. இதிலேயே நானூறு கல்லூரி நூறு, நூற்றிருபதாகச் சுருங்கிவிடும்.

அப்புறம் இந்தப் பட்டியலில் மூன்று தடவை அடித்து நீக்க வேண்டும். போக முடியாத ஊரை முதலில் அடியுங்கள், கட்ட முடியாத கட்டணத்தை இரண்டாவதாக. படிக்க மனமில்லாத பிரிவை மூன்றாவதாக. இந்த மூன்றாவதைப் பிள்ளைதான் அடிக்க வேண்டும், பெற்றோர் அல்ல. மிச்சம் இருப்பதைத்தான் வரிசைப்படுத்தப் போகிறோம்.

"கிடைக்காதுன்னு தெரிஞ்சே அண்ணா யுனிவர்சிட்டிய மேல போடலாமா?"

தாராளமாகப் போடலாம். மேலே போட்ட இடம் கிடைக்காவிட்டால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. கம்ப்யூட்டர் அடுத்த வரியைப் பார்க்கும், அவ்வளவுதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் சென்னை வளாகங்களில் கிண்டி சி.ஈ.ஜி.யின் கலந்தாய்வுக் குறியீடு 1, ஏ.சி. டெக் 2, குரோம்பேட்டை எம்.ஐ.டி. 4. இந்த வளாகங்களில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும்தான் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். சி.ஈ.ஜி.யில் சுரங்கப் பொறியியல், ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ் இருக்கின்றன. ஏ.சி. டெக்கில் செராமிக், தோல், ஜவுளித் தொழில்நுட்பம் இருக்கின்றன. இவை கம்ப்யூட்டர் சயின்ஸைவிட வெகுநேரம் கழித்துத்தான் நிரம்பும். ஆனால் அந்தப் படிப்பில் நான்கு ஆண்டு இருக்க மனம் இருக்க வேண்டும். வளாகப் பெயருக்காக மட்டும் போட்டால் கீழே காலேஜா பிராஞ்சா என்ற கேள்வியில் சொல்வதுதான் நடக்கும்.

ஆனால் மேலே ஐந்தாறு ஆசை வரிகள் போதும். அவற்றை அடுக்குவதிலேயே இரண்டு நாளைச் செலவழித்துவிட்டு, நடுப்பகுதியைக் கடைசி நாள் மத்தியானம் அவசரமாகப் போடுகிறார்கள். உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த நடுப்பகுதியிலிருந்துதான்.

"கண்டிப்பா கிடைக்கிற காலேஜை ஃபர்ஸ்ட் போட்டுட்டா சேஃப் இல்லையா?"

இல்லை. இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று தோன்றும்.

கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே பார்க்கும். உங்களுக்குக் கிடைக்கக்கூடிய முதல் வரியைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். ஒரு மாணவி முதல் வரியில் ஊருக்குப் பக்கத்துத் தனியார் கல்லூரியை வைக்கிறாள். அங்கே எப்போதும் இடம் காலியாக இருக்கும். இரண்டாவது வரியில் சேலம் அரசுப் பொறியியல் கல்லூரி. அவள் ரேங்க்குக்குச் சேலமும் கிடைத்திருக்கும். ஆனால் கம்ப்யூட்டர் முதல் வரியிலேயே இடம் கொடுத்துவிட்டது. இரண்டாவது வரியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. "எனக்கு அடுத்ததும் கிடைச்சிருக்குமே அண்ணா" என்று பிறகு கேட்டால் பதில் சொல்ல முடியாது.

முதல் வரியில் போடாவிட்டால் அந்தக் கல்லூரி கோபித்துக்கொள்ளுமா, நம்மைப் பின்னால் தள்ளுமா என்றும் கேட்கிறார்கள். கல்லூரிக்கு உங்கள் பட்டியலே தெரியாது. ஐம்பதாவது வரியில் போட்டாலும், உங்கள் ரேங்க் வரும்போது இடம் இருந்தால் அது உங்களுக்குத்தான். உங்களுக்குப் பின்னால் இருப்பவர் அதையே முதல் வரியில் போட்டிருந்தாலும் உங்களை முந்த முடியாது. எனவே எது கிடைக்கும் என்பதை வைத்து வரிசை போடாதீர்கள், எது அதிகம் பிடிக்கும் என்பதை வைத்துப் போடுங்கள். எது கிடைக்கும் என்ற கணக்கு, பட்டியலில் எவையெல்லாம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய மட்டும்தான்.

"அப்போ ஆசை, நடு, சேஃப்னு எப்படிப் பிரிக்கிறது?"

போன ஆண்டு உங்கள் ரேங்க்குக்கு முன்பே முடிந்துவிட்டவை ஆசை. உங்கள் ரேங்க்கை ஒட்டி முடிந்தவை நடு. உங்கள் ரேங்க்கைத் தாண்டி வெகுதூரம் போயும் காலியாக இருந்தவை கடைசிப் பகுதி. பட்டியலில் பாதிக்கு மேல் நடுவாக இருக்கட்டும். ஒரு ஆண்டின் புள்ளியை மட்டும் நம்பாமல், முடிந்தால் மூன்று ஆண்டைப் பாருங்கள். ஒரு கல்லூரி ஆண்டுக்கு ஆண்டு முன்னேறி வருகிறதா, சரிகிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

அதிகம் யோசிக்க வேண்டியது கடைசிப் பகுதியைத்தான். பெரும்பாலோர் இதை "ஏதாவது பத்து போடு" என்று என்னிடமே விட்டுவிடுகிறார்கள். நான் போடுவதில்லை. மேலே உள்ளதெல்லாம் நழுவினால் நான்கு ஆண்டு போய் உட்காரப்போவது அங்கேதான். அந்தப் பத்தில் ஒவ்வொன்றுக்கும் "இங்கே இந்தப் பாடத்தில் சேர்வேன்" என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லத் தயங்கினால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அதைவிட எந்த இடமும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போவதே மேல்.

அரசுக் கல்லூரிகள், அண்ணா பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரிகள் கடைசிப் பகுதிக்கு நல்ல சரக்கு. விழுப்புரம், ஆரணி, பண்ருட்டி, பட்டுக்கோட்டை, ராமநாதபுரம், நாகர்கோவில் என்று பல ஊர்களில் இருக்கின்றன. பிளக்ஸ் பேனர் வைக்க மாட்டார்கள் என்பதால் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

"நல்ல காலேஜ்ல ஏதோ ஒரு பிராஞ்ச்சா, சுமார் காலேஜ்ல சி.எஸ்.ஸா?"

ஒரே பதில் கிடையாது. ஆனால் கேள்வியைக் கொஞ்சம் பிரிக்கலாம். வளாக நேர்காணலுக்கு வரும் மென்பொருள் நிறுவனங்கள் பல, எந்தப் பிரிவு மாணவராக இருந்தாலும் எடுக்கின்றன. எனவே "ஐ.டி. வேலைதான் வேண்டும்" என்பவருக்கு நல்ல கல்லூரியில் ஈ.சி.ஈ., ஈ.ஈ.ஈ. (எலக்ட்ரிக்கல்) கிடைத்தாலும் வழி அடைபடாது. அங்கே கூடப் படிக்கும் பிள்ளைகளின் தரமும் சேர்ந்தே கிடைக்கும். அதற்குத் தனி மதிப்பு உண்டு. சுமார் கல்லூரியில் சி.எஸ். படித்தால் பாடம் கையில் இருக்கும். ஆனால் நிறுவனங்கள் வாசலுக்கு வராது, நீங்கள்தான் அவற்றைத் தேடிப் போக வேண்டும்.

எதிர்ப்பக்கம்: மெக்கானிக்கல் வரைபடத்தைப் பார்த்தாலே பிடிக்காத பிள்ளையைக் கல்லூரிப் பெயருக்காக அதில் தள்ளினால், மூன்றாவது செமஸ்டரில் அரியர் (தேறாத பாடங்கள்) குவியும். அரியர் இருந்தால் பல நிறுவனங்கள் நேர்காணலுக்கே உட்கார விடாது. அப்புறம் பெரிய கல்லூரியின் பெயரால் என்ன பயன்? ஆகவே பட்டியலை ஒரேயடியாகக் கல்லூரி வாரியாகவோ பிரிவு வாரியாகவோ அடுக்காதீர்கள். கோவையில் பி.எஸ்.ஜி. டெக், சி.ஐ.டி., அரசுக் கல்லூரியான ஜி.சி.டி., மதுரையில் தியாகராசர் மாதிரி இடங்களில் மூன்று பிரிவு வரை ஒத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே உள்ள கல்லூரிகளில் ஒரு பிரிவு மட்டும் என்று இறங்கலாம். இரண்டு வரியைப் பக்கத்தில் வைத்து, "ரெண்டும் நாளைக்கே கிடைச்சா எங்கே போவே?" என்று பிள்ளையிடம் கேட்டு ஏற்றி இறக்குங்கள்.

"ஏ.ஐ., டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி... இதெல்லாம் சி.எஸ். மாதிரிதானா?"

முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களில் பெரும்பகுதி பொதுவானவை. பட்டியலுக்கு இவை வசதியானவை. ஒரே கல்லூரியில் சி.எஸ். நிரம்பிவிட்டாலும் ஐ.டி. அல்லது ஏ.ஐ. பிரிவு சற்று தள்ளி நிரம்பும். சி.எஸ்.ஸை மட்டும் போடாமல் அதன் அடுத்தடுத்த வரியில் இவற்றையும் போட்டால் நல்ல கல்லூரியிலேயே இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

இந்த ஆண்டுதான் தொடங்கும் பிரிவுக்குப் பழைய புள்ளி இருக்காது. அதே கல்லூரியின் ஐ.டி. எங்கே முடிந்ததோ அதை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். சேருவதற்கு முன் அந்தப் பிரிவுக்குத் தனியாக ஆசிரியர்கள் எடுத்திருக்கிறார்களா, சி.எஸ். ஆசிரியரையே பாதிப் பாதியாக ஓட்டுகிறார்களா என்று விசாரியுங்கள். பெயர் புதிது, வகுப்பில் ஆளில்லை என்ற நிலை சில இடங்களில் உண்டு.

"நேரில் பார்க்காம எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்னு எப்படித் தெரியும்?"

பேனரில் இருக்கும் எழுத்துகளைக் கொஞ்சம் பிரித்துப் படியுங்கள். நாக் (தேசிய மதிப்பீட்டு அமைப்பு) தரச்சான்று கல்லூரி முழுவதற்கும் சேர்த்துத் தருவது. என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனியாகத் தருவது. "என்.பி.ஏ. பெற்ற கல்லூரி" என்று பேனர் சொன்னால், நீங்கள் சேரப்போகும் பிரிவுக்கு இருக்கிறதா, எந்த ஆண்டு வரைக்கும் இருக்கிறது என்று பாருங்கள். சிவிலுக்கு வாங்கிவிட்டு ஏ.ஐ. சேர்க்கைக்கு அதே பேனரைக் காட்டுவார்கள்.

அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டைக் கல்லூரி வாரியாக வெளியிடுகிறது. நடு, கடைசிப் பகுதிகளை வடிகட்ட இதைவிட நல்ல சல்லடை எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் ஒரே வினாத்தாளை எழுதுகிறார்கள். ஒரு கல்லூரியில் பத்துக்கு இரண்டு பேர்தான் தேறுகிறார்கள் என்றால் வேறு விளக்கம் தேவையில்லை. ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகளை இதோடு ஒப்பிடாதீர்கள். அவை தாங்களே வினாத்தாள் தயாரித்துத் தாங்களே திருத்துகின்றன. அங்கே தேர்ச்சி 95 சதவீதம் என்பது வேறு கணக்கு.

"நூறு சதவீத பிளேஸ்மென்ட்" என்றால் யாரில் நூறு சதவீதம் என்று கேளுங்கள். பதிவு செய்தவர்களில் என்பார்கள். அரியர் உள்ளவர்களைப் பதிவு செய்யவே விட்டிருக்க மாட்டார்கள். மிக அதிகச் சம்பளத்தைச் சொன்னால், நடுவில் இருக்கும் மாணவருக்கு எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். முடிந்தால் நடுப்பகுதியில் உள்ள இரண்டு மூன்று கல்லூரிகளையாவது வேலைநாளில் நேரில் போய்ப் பாருங்கள். அட்மிஷன் அலுவலகத்துக்குள் போகும் முன் வாசலில் இருக்கும் டீக்கடையில் ஒரு டீ குடியுங்கள். மூன்றாம் ஆண்டுப் பையன்கள் நிற்பார்கள். "லேப் எப்படி? ஃபெயிலான பேப்பருக்கு யாராவது சொல்லித் தருவாங்களா?" என்று கேட்டால் உண்மை வந்துவிடும்.

"பேர் ஒரே மாதிரி இருக்கே, மாத்திப் போட்டுட்டா?"

போட்டிருக்கிறார்கள். கோவையில் மட்டும் பி.எஸ்.ஜி. காலேஜ் ஆஃப் டெக்னாலஜி ஒன்று, பி.எஸ்.ஜி. இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி அண்ட் அப்ளைடு ரிசர்ச் இன்னொன்று. கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி ஒன்று, கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் இன்ஜினியரிங் அண்ட் டெக்னாலஜி இன்னொன்று. நோட்டில் பெயரை எழுதாமல் குறியீட்டு எண்ணையும் பிரிவின் இரண்டெழுத்தையும் எழுதுங்கள். பி.எஸ்.ஜி. டெக் 2006, மதுரை தியாகராசர் 5008, எஸ்.எஸ்.என். 1315. ஒருவர் எண்ணை வாசிக்க, இன்னொருவர் திரையைப் பார்த்துப் பெயரையும் ஊரையும் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"பொண்ண வெளியூர் அனுப்ப பயமா இருக்கு. பக்கத்துல மட்டும் போட்டா போதாதா?"

பக்கத்தில் நல்ல கல்லூரி இருந்தால் போதும். இல்லையென்றால், பட்டியலை மாவட்ட எல்லைக்குள் சுருக்குவதால் அவளுடைய ரேங்க்கைப் பாதி விலைக்கு விற்கிறீர்கள். எனக்குத் தெரிந்து நல்ல வழி: இரவில் ஒரே பேருந்தில் வீடு வந்து சேரக்கூடிய ஊர்களாகப் பாருங்கள், அரசு விடுதி அல்லது கல்லூரி விடுதி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறதா என்று கேளுங்கள், வார்டனிடம் நேரில் பேசுங்கள். பயம் பாதி அங்கேயே தெளிந்துவிடும். இதை மகளிடம் சொல்லாமல் நீங்களே பட்டியலை மாற்றிவிடாதீர்கள். கடவுச்சொல் அவளிடமும் இருக்கிறது. நீங்கள் மாற்றியதைக் கடைசி மணி நேரத்தில் அவள் மாற்றுவாள், இருவருக்கும் தெரியாமல் ஏதோ ஒரு வரிசை பூட்டிக்கொள்ளும்.

"செலவு எவ்வளவு ஆகும்? கட்டணத்தைப் பார்த்துப் பட்டியல் போடலாமா?"

போடத்தான் வேண்டும். அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. அரசு உதவி பெறும் கல்லூரியில் சில பிரிவுகள் மட்டும் உதவி பெறுபவை. அதே கல்லூரியில் அதே பாடமே சுயநிதிப் பிரிவாகவும் இருக்கும், கட்டணம் கூடும். தளத்தில் பாடப்பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ். என்று இருந்தால் அதுதான். இரண்டும் தனித்தனிச் சாய்ஸ். தனியார் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கலந்தாய்வு இடத்துக்கான கல்விக் கட்டணத்தை அரசு அமைத்த குழு நிர்ணயிக்கிறது. ஆனால் பேருந்து, விடுதி, "பயிற்சிக் கட்டணம்" என்று சேரும்போது அது ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆகலாம். மொத்தம் எவ்வளவு என்று முன்பே எழுதி வாங்குங்கள்.

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழை விண்ணப்பம் போடும் முன்பே வாங்கி வையுங்கள். கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும். இவர்கள் மேலே சொன்ன "கட்ட முடியாத கட்டணம்" என்ற அடியை இந்த ஒதுக்கீட்டுப் பட்டியலில் அடிக்கவே வேண்டாம். பெரிய தனியார் கல்லூரியையும் தைரியமாக எழுதலாம்.

"டீம்ட் யுனிவர்சிட்டில ஏப்ரல்லயே பணம் கட்டச் சொல்றாங்க. கட்டி வைக்கட்டுமா?"

வி.ஐ.டி., எஸ்.ஆர்.எம்., சாஸ்த்ரா போன்ற டீம்ட், அதாவது நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வில் வராது. அவற்றுக்குத் தனி விண்ணப்பம், தனிச் சேர்க்கை. என்.ஐ.டி., ஐ.ஐ.ஐ.டி. போன்ற தேசிய நிறுவனங்களுக்கு ஜே.இ.இ. நுழைவுத்தேர்வு எழுதி, ஜோசா என்ற தனிக் கலந்தாய்வு. திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடம் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு என்பதை ஜே.இ.இ. ரேங்க் சுமாராக இருப்பவர்களும் மறக்கக் கூடாது.

முன்பணம் பற்றி: நான்கு ஆண்டுக்கும் கட்ட வசதி இருந்தால் மட்டும் அதை ஒரு பாதுகாப்பு இடமாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டும் முன் திருப்பித் தரும் விதியைப் படியுங்கள், கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சொல்லியிருக்கின்றன. கேட்டால் காட்டுங்கள், நகல் கொடுங்கள்.

"இன்ஜினியரிங் மட்டும் போட்டா போதுமா?"

போதாது என்பது என் கருத்து. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே தளத்தில் மே மாதமே விண்ணப்பிக்கலாம், செலவும் அற்பம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ., பி.காம். எல்லாம் நல்ல அரசுக் கல்லூரியில் கிடைத்தால், கடைசிப் பகுதியில் உள்ள பல பொறியியல் வரிகளைவிட மேல். வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கையும் தனி. பொறியியல் பட்டியல் சமநிலையாக இருப்பதற்கு அதற்கு வெளியே ஒரு இடம் கையில் இருப்பது பெரிய உதவி. அது இருந்தால், சேர மனமில்லாத வரிகளைப் பயந்து பயந்து சேர்க்க மாட்டீர்கள்.

"ஒருத்தர் பத்தாயிரம் குடுத்தா நல்ல காலேஜ் வாங்கித் தர்றேங்கறார். நம்பலாமா?"

கலந்தாய்வு இடத்தை யாரும் வாங்கித் தர முடியாது, ரேங்க்தான் வாங்கித் தரும். அவர் விற்பது கல்லூரி நிர்வாகமே நிரப்பும் மேனேஜ்மென்ட் இடமாக இருக்கும். அதற்குக் கல்லூரியே அவருக்குத் தரகு கொடுக்கும். கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். எனக்கும்தான். என் சென்டரில் ஓ.டி.பி.யை நீங்களே தட்டச்சு செய்துவிட்டு, முடிந்ததும் லாக்அவுட் ஆனதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள்.

"அலாட்மென்ட் வந்துடுச்சு. அக்செப்ட் அண்ட் அப்வேர்டு கொடுக்கலாமா?"

ஒதுக்கீடு வந்ததும் உறுதிசெய்யச் சிறிது அவகாசம்தான். கிடைத்ததே போதும் என்றால் அக்செப்ட் அண்ட் ஜாயின். கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே உள்ளவை யாராவது விட்டுக்கொடுத்தால் வேண்டும் என்றால் அக்செப்ட் அண்ட் அப்வேர்டு. கிடைத்தது வேண்டவே வேண்டாம், மேலே உள்ளது மட்டும்தான் என்றால் டிக்லைன் அண்ட் அப்வேர்டு. மேலே ஒன்றும் காலியாகாவிட்டால் கையில் எதுவும் இருக்காது. டிக்லைன் கொடுத்து அடுத்த சுற்றுக்குப் போகவும் வழி உண்டு. மிச்சம் இருப்பதிலிருந்துதான் எடுக்க முடியும்.

அப்வேர்டு கொடுத்து மேலே நகர்ந்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும். "அதுவே நல்லா இருந்துச்சு" என்று திரும்ப முடியாது. எது அதிகம் பிடிக்கும் என்பதை வைத்து வரிசை போடுங்கள் என்று முன்பு சொன்னதன் இரண்டாவது காரணம் இதுதான். பதினைந்தாவது வரி கிடைத்திருக்கிறது, பன்னிரண்டாவது வரி சும்மா போட்டது என்றால், அப்வேர்டு அந்தச் சும்மா போட்டதைத்தான் கொண்டுவந்து கொடுக்கும். எந்த வழியைத் தேர்ந்தாலும் பணம் கட்டும் கடைசி நாளைத் தவற விடாதீர்கள். அக்செப்ட் அண்ட் ஜாயின் கொடுத்தவர் கல்லூரியிலும், அக்செப்ட் அண்ட் அப்வேர்டு கொடுத்தவர் டி.என்.இ.ஏ. உதவி மையத்திலும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அந்த இடம் அப்வேர்டில் காத்திருக்கும் வேறொருவருக்குப் போய்விடும்.

"என் சுற்றுல எதுவும் கிடைக்கலை. எல்லாம் முடிஞ்சுதா?"

முடியவில்லை. பட்டியலில் நடுப்பகுதி மெலிந்து, ஆசைப் பகுதி நீண்டிருந்தால் இப்படி ஆகும். அடுத்த சுற்றில் கலந்துகொள்ளலாம். அதற்குப் பழைய பட்டியலை அப்படியே திரும்பப் போடாதீர்கள். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் எங்கே எத்தனை இடம் காலி என்று தளத்தில் போடுவார்கள். அதை எடுத்து வைத்து, பூஜ்யம் என்று இருக்கும் வரிகளை அடித்துவிட்டு, உங்கள் பிரிவில் இரண்டு மூன்று இடமாவது மிச்சம் இருப்பவற்றை மேலே சொன்ன அதே மூன்று அடியில் வடிகட்டுங்கள். அடுத்த சுற்றில் உங்களுக்குப் பின்னால் உள்ள ரேங்க்குகளும் சேர்ந்துகொள்ளும், ஆனால் நீங்கள் அவர்களுக்கு முன்னால்தான். எல்லாச் சுற்றும் முடிந்த பிறகு துணைக் கலந்தாய்வும் நடக்கும். பிளஸ் டூ உடனடித் தேர்வில் தேறியவர்களோடு இடம் கிடைக்காதவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு மறுபடி பதிவு செய்ய வேண்டும், பழைய பதிவு செல்லாது. அந்த அறிவிப்பு ஓரிரு நாள்தான் தளத்தின் மேலே இருக்கும்; தினமும் ஒருமுறை திறந்து பாருங்கள்.